சத்தத்தை எழுதி அனுப்புங்கள்

குனோங் ராபாட், ஈப்போ
3 நவம்பர் 2024

அன்புத் தம்பி கனகராஜுக்கு,

அக்கா புஷ்பலதா எழுதுகிறேன். முட்டி வலியைச் சேர்க்காவிட்டால் நான் சுகம். உன் முதுகும் கலாதேவியின் சர்க்கரையும் இப்போது எந்த மட்டில் இருக்கின்றன?

தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் வரவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கு நமத்துப் போனதுதான் மிச்சம். பீடோரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு மணி நேரம். அதைக்கூட வர முடியாதவனைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது.

நம் பழைய காருக்கு, அந்த மோரிஸ் மைனர் காடிக்கு, உடம்பு சரியில்லை. சிவப்பு விளக்கில் நிற்கிறேன், பச்சை விழுகிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். அது உடனே எழும்புவதில்லை. போகலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசிக்கிறது. பிறகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்புகிறது. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கிறான். இருபத்தாறு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள் நான். என்னைப் பார்த்து ஒருத்தன் ஹாரன் அடிப்பதா?

உனக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன், நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். காடிக்கு நோய் என்று சொன்னால் 'நன்று' என்றா பதில் சொல்வது? கேட்டால் உன் பெண்டாட்டி கலாதேவி, "அவரு லெட்டர் போடச் சொல்றாருக்கா" என்கிறாள். சரி, இதோ லெட்டர்.

பிப்ரவரி 23ஆம் தேதி எங்கள் பழைய கார்ச் சங்கம் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறது. நடுவழியில் நின்றுபோகும் காடியை லாரியில் ஏற்றிக் கீழே இறக்கிவிடுவார்கள். சங்கத் தலைவர் திருக்குமரன், அந்த யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர், என் காடி இருமுவதைக் கேட்டுவிட்டு, "புஷ்பா, உந்தப் பழைய கார்புரேட்டரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒரு ஜப்பான்காரன்ரயப் பூட்டுங்கோ" என்றார். நாற்பது பேர் முன்னால் சொன்னார். நானும் நாற்பது பேர் முன்னால் சொன்னேன்: "இது என் தம்பி கை வச்ச கார்புரேட்டர். அவன் வந்து ஒரு தடவ காது வச்சான்னா போதும். இதோடயே மலை ஏறும்லா."

சொல்லிவிட்டேன். இனி நீ வர வேண்டியதுதான் பாக்கி. கலாதேவியை வேளைக்கு மாத்திரை போடச் சொல்.

உன் அக்கா,
புஷ்பலதா

---

பீடோர்
15 நவம்பர் 2024

மதிப்புள்ள அக்காவுக்கு,

கனகராஜ் வணக்கம். நானும் கலாதேவியும் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

தீபாவளிக்கு வர முடியவில்லை. பட்டறைக் கூரை ஒழுகுகிறது, அதைப் பிரித்து மாற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தேன். போனில் பேசுவது எனக்குச் சரிப்படவில்லை. எழுத்துதான் தெளிவு.

உங்கள் காடிக்கு நான் வரத் தேவையில்லை. இருக்கிற இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். கார்புரேட்டர் தலையில் ஒரு பித்தளை மூடி இருக்கிறதல்லவா, அதைத் திருகி எடுத்தால் கூடவே ஒரு கம்பி வரும். அந்தக் கம்பி எண்ணெயில் முங்கியிருக்க வேண்டும். நீங்கள் மிதித்ததும் உள்ளே இருக்கும் பிஸ்டன் மேலே பாயப் பார்க்கும். அந்த எண்ணெய்தான் "பொறுலா" என்று அதை ஒரு நொடி பிடித்து வைக்கும். அந்த ஒரு நொடியில் பெட்ரோல் கூடுதலாக இழுபடும், காடி துள்ளிக் கிளம்பும். எண்ணெய் இல்லாவிட்டால் காற்றுதான் போகும், காடி முழிக்கும். எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. மிதிக்கும்போது சத்தம் எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். நீங்கள் வாயால் செய்து காட்டுவீர்களே, அதை அப்படியே எழுத்தில் போடுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது போதும்.

தங்கள் தம்பி,
கனகராஜ்

---

குனோங் ராபாட்
24 நவம்பர் 2024

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முட்டி கொஞ்சம் மடங்குகிறது. ஈப்போவில் தினமும் சாயங்காலம் மழை. அங்கேயும் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்குமென்று நினைக்கிறேன்.

எண்ணெய் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே, வேறு எதையாவது யோசி.

சத்தம் கேட்டாயே, இந்தா. நிற்கும்போது 'குடுகுடுகுடு', அதில் குறையில்லை. மிதித்ததும் 'ப்ப்ப்' என்று மூச்சுத் திணறல். அப்புறம் 'ஹக்' என்று ஒரு விக்கல். அப்புறம்தான் 'ர்ர்ரூம்'. இதை எழுதி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டாள். தனியாக உட்கார்ந்து 'ஹக், ஹக்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புரியாதது ஒன்று. தாப்பா பக்கத்தில் நடுரோட்டில் வேன் நின்றபோது நீ செம்பனை எண்ணெய் ஆலையில் வேலையில் இருந்தாய். போனை எஞ்சின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாய். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "அக்கா, மூணாவது பிளக் வயரு கழண்டு கெடக்கு, அமுக்கி வை" என்றாய். அமுக்கினேன், ஓடியது. பிள்ளைகளெல்லாம் கை தட்டினார்கள். அந்தக் கனகராஜுக்கு இப்போது போன் சரிப்படவில்லையா?

என் மேல் ஏதாவது கோபமா? உன் பட்டறையைக் கோழிக் கூண்டு என்று போன வருடம் சொன்னேன். அதற்காக இருந்தால், அது விளையாட்டுக்குச் சொன்னது.

பதிலைச் சீக்கிரம் போடு. பிப்ரவரி ரொம்ப தூரத்தில் இல்லை.

அக்கா

---

பீடோர்
13 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கலாதேவிக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது எழுந்து நடமாடுகிறாள். எனக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. கூரை வேலை இந்த மாதக் கடைசியில் தொடங்கும்.

'ஹக்' மட்டும் இருந்திருந்தால் எண்ணெய் குறைவு என்று சொல்லியிருப்பேன். 'ப்ப்ப்' முன்னால் வருகிறது. அப்படியானால் பிஸ்டன் எங்கோ ஒட்டுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். பித்தளை மூடியையும் கம்பியோடு எடுத்துவிடுங்கள். ஃபில்டர் இருந்த வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனை மேலே தூக்கி, சட்டென்று விட்டுவிடுங்கள். கீழே விழும்போது 'டக்' என்று இரும்பில் இரும்பு படும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டதா இல்லையா என்று எழுதுங்கள்.

உள்ளே ஊற்றியிருப்பது என்ன எண்ணெய்? எஞ்சின் எண்ணெய்தானே?

பட்டறையில் இப்போது மோட்டார் சைக்கிள் டயர், செயின் வேலை மட்டும் எடுக்கிறேன். கார் வேலை அலுத்துவிட்டது.

தம்பி

---

குனோங் ராபாட்
20 டிசம்பர் 2024

கனகராஜுக்கு,

கலாதேவிக்குக் காய்ச்சல் என்று நடந்து முடிந்த பிறகு சொல்கிறாய். கஞ்சி வைத்துக் கொடுத்தாயா, அதுவும் அலுத்துவிட்டதா?

நீ சொன்னபடி தூக்கி விட்டேன். 'டக்' வரவில்லை. பிஸ்டன், சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்காரும் பெரிய மனிதர் மாதிரி மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. ஆறு தடவை செய்தேன், ஆறு தடவையும் அப்படித்தான். எண்ணெய் என்ன எண்ணெய் என்று திரும்பத் திரும்பக் கேட்காதே. எண்ணெய் எண்ணெய்தான்.

டயர் மாற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆயர் தாவாரிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் உன்னைத் தேடிக்கொண்டு காடிகள் வந்தன. 'கார்புரேட்டர் கனகராஜ்' என்று சொன்னால் போதும், பீடோர் பசாரில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். அந்த ஆளுக்கு அலுத்துவிட்டதா? இதை என்னிடம் சொன்னாய், சரி. வேறு யாரிடமும் சொல்லாதே, சிரிப்பார்கள்.

உன் கடிதத்தை வைத்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ வராவிட்டால் நான் வருகிறேன்.

அக்கா

---

குனோங் ராபாட்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நெருங்குகிறது. உனக்கும் கலாதேவிக்கும் என் வாழ்த்து. புதுப் பானை வாங்கிவிட்டீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். நீ எனக்காக ஒன்றும் கவலைப்பட வேண்டாம்.

போன கடிதத்தில் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். வயதாக ஆக வாய் நீளுகிறது. நீ இங்கே வரத் தேவையில்லை, போன் பண்ணவும் தேவையில்லை. எழுத்துதான் தெளிவு என்று சொன்னாய், அதுதான் சரி. இனி நான் சத்தத்தை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது: 'ப்ப்ப்' இரண்டு நொடி நீளுகிறது, அடித்தொண்டையில் வருகிறது, ஈரத் துணியை உதறுவது மாதிரி. பத்து நிமிடம் ஓடிய பிறகு: 'ப்ப்' ஒரு நொடிதான். 'ஹக்' அதே அளவு. இரண்டாவது கியரில் மெதுவாக மிதித்தால் விக்கல் இல்லை, லேசாகச் சொடுக்குப் போடுகிற ஒரு 'டிக், டிக்' மட்டும். சட்டென்று மிதித்தால்தான் எல்லாம். புகை கொஞ்சம் கறுப்பு. பெட்ரோல் வாடை இருக்கிறது.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கேட்டு எழுதுகிறேன்.

உன் பட்டறைக் கூரை நன்றாக அமைந்துவிட்டது. நீல நிறம் அழகு. அந்தக் கவலை இனி வேண்டாம்.

என்றும் அன்புடன்,
அக்கா

---

பீடோர்
19 ஜனவரி 2025

அக்காவுக்கு,

கூரை நீல நிறம் என்று எழுதியிருந்தீர்கள். அது போட்டது டிசம்பர் 30ஆம் தேதி. நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

கலாதேவியை உட்கார வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பூசி மெழுகினாள், பிறகு சொல்லிவிட்டாள். 4ஆம் தேதி சனிக்கிழமை நீங்கள் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். என் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் திரும்பவில்லை. அப்போது ஒருவருடைய காடிக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு மாதமாகக் கெஞ்சியதால் எடுத்த வேலை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற எஞ்சினுக்கு நான் மறுபடியும் சாவியைத் திருகினேன். பல் சக்கரம் உடைகிற சத்தம் வந்திருக்கும். காடிக்காரர் ஓடி வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அதையெல்லாம் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

இனி மறைத்து என்ன. எனக்குக் காது கேட்கவில்லை அக்கா. இரண்டு வருடமாகிறது. முதலில் போனது மெல்லிய சத்தங்கள். பிஸ்டன் 'டக்' என்பது, காற்று 'ஸ்ஸ்' என்பது. அப்புறம் போன். அப்புறம் கலாதேவி. இப்போது அவள் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய பதிவை அன்றைக்குக் காதோடு வைத்து நசுக்கிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் வரவில்லை. அதனால்தான் அந்தக் கட்டைவிரல்.

ஆலையில் இருபத்திரண்டு வருடம். காதில் வைக்க ரப்பர் கொடுத்தார்கள். நான் வைக்கவில்லை. "மிஷின் சத்தம் கேக்காம மிஷின எப்படிப் பாக்குறது" என்று சூப்பர்வைசரிடம் சவடால் பேசினேன். பெரிய காதுக்காரன் என்கிற திமிர். அந்தத் திமிர்தான் காதைத் தின்றது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இது உங்களோடு இருக்கட்டும். கார்புரேட்டர் கனகராஜ் செவிடாகிவிட்டான் என்று ஊர் பேசுவதைவிட அவனுக்குக் கார் அலுத்துவிட்டது என்று பேசட்டும். உங்கள் சங்கத்தில் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கனகராஜ்

---

குனோங் ராபாட்
23 ஜனவரி 2025

என் தம்பி கனகராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன், அழுதேன், முகம் கழுவினேன், மறுபடி படித்தேன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆமாம், வந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது உன் தோளைத் தொடக் கை நீட்டினேன். தொட்டால் நீ திரும்புவாய். நான் எல்லாவற்றையும் பார்த்தது உனக்குத் தெரிந்துவிடும். உன்னை எனக்குத் தெரியாதா? அதோடு கடிதமும் நின்றுபோகும். அதனால் கையை இழுத்துக்கொண்டேன்.

நீ ஒன்று சொன்னாய், பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்க மாட்டேன் என்று கலாதேவி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

அக்டோபரில் ஆயுத பூசை. காடியைக் கழுவி, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் பொட்டு வைக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பித்தளை மூடி கறுத்துக் கிடந்தது. சாமி கும்பிடுகிற நாளில் பித்தளை கறுத்துக் கிடக்கலாமா? கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தேன். குழிக்குள் பார்த்தால் எண்ணெய் வற்றியிருந்தது. கையில் குத்துவிளக்குக்கு ஊற்றிக்கொண்டிருந்த நல்லெண்ணெய் போத்தல். ஊற்றினேன். விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். விரலெல்லாம் விபூதி. அது எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாது, கொஞ்சமாகப் போயிருக்காது. பிறகு மூடிக்கு மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டேன்.

இதைப் போய் 'கார்புரேட்டர் கனகராஜின் அக்கா' எப்படிச் சொல்வாள்? இரண்டு மாதம் உன்னைச் சுற்றவிட்டேன். நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மருந்து என்ன என்று சொல். ரகசியத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன், அது உன்னுடையது. ஆனால் சங்கத்தில் சொன்ன உன் பெயரைத் திரும்ப எடுக்க மாட்டேன். நாற்பது பேரிடம் சொன்னது சொன்னதுதான்.

அக்கா

---

பீடோர்
1 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சீனப் பெருநாள் விடுமுறையில் தபால் தேங்கி உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை. கலாதேவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன், அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருடத்தில் டீசலைக் குடித்த எஞ்சின் பார்த்திருக்கிறேன், சீனி போட்ட டாங்கி பார்த்திருக்கிறேன், எலி குட்டி போட்ட ஃபில்டர் பார்த்திருக்கிறேன். விபூதி பூசிய பிஸ்டன் இதுதான் முதல்.

மருந்து இது. கார்புரேட்டர் மண்டையைக் கழற்றுவதற்கு முன் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திரும்ப அதே கோட்டில்தான் உட்கார வேண்டும். பிஸ்டனுக்கு அடியில் நீளமாக ஒரு ஊசி இருக்கும், அது வளைந்தால் எல்லாம் போச்சு. பெட்ரோலில் துணியை நனைத்து மண்டையின் உட்புறம், பிஸ்டன், நடுக்குழி எல்லாவற்றையும் துடையுங்கள். சுரண்டக் கூடாது. துணியில் சாம்பல் வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். பிறகு மெல்லிய எஞ்சின் எண்ணெய், இருபதாம் நம்பர். குழியில் மட்டும். சாமிக்குச் செய்வதை வெளியில் செய்யுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. எஞ்சின் சூடானதும் கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சின்னக் குச்சியை நகத்தளவு மேலே தள்ளுங்கள். சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அமுங்கிச் செத்தால் குறைவு. லேசாக ஏறிவிட்டு உடனே பழையபடி வந்தால் சரி. அடியில் ஆறு பட்டை நட் ஒன்று இருக்கிறது. மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பட்டை மட்டும் திருப்பிவிட்டுக் கேட்க வேண்டும். இதை யாரும் எழுதிச் சொல்ல முடியாது. உங்கள் காதுதான் கேட்க வேண்டும். உங்களுக்கு நல்ல காது. வேனில் பின் சீட்டில் எவன் கெட்ட வார்த்தை பேசினாலும் பிடித்துவிடுவீர்களே.

மலைக்கு நான் வரவில்லை. நாற்பது பேர் நடுவில் எவனாவது ஏதாவது கேட்பான். நான் அவன் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். அந்த ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியாது.

தம்பி

---

குனோங் ராபாட்
12 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

நேற்று தைப்பூசம். கூட்டத்தில் முட்டி மறுபடி பிடித்துக்கொண்டது. காரியம் அதில்லை.

சனிக்கிழமை காலையில் கழற்றினேன். துடைத்துத் துடைத்து நாலு பழைய சட்டை சாம்பல் நிறமானது. எண்ணெய் விரலில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது. கோட்டில் கோடு சேர்த்து மாட்டிவிட்டு, பிஸ்டனைத் தூக்கி விட்டேன். 'டக்'. கனகராஜ், அது எப்படிப்பட்ட சத்தம். இருபது தடவை தூக்கித் தூக்கி விட்டேன்.

குச்சியைத் தள்ளியபோது சத்தம் ஏறி மேலேயே நின்றது. ஒரு பட்டை ஏற்றினேன், இன்னும் நின்றது. இன்னொரு பட்டை. இப்போது 'குடுகுடு' லேசாக எழும்பி, மூச்சு விட்டு, தன் இடத்துக்கு வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் அதைத் தொடக் கூடாது என்று எனக்கே தெரிந்தது.

சாலைக்குக் கொண்டுபோனேன். குனோங் ராபாட் சிவப்பு விளக்கில் முதல் ஆளாக நின்றேன். பச்சை விழுந்தது. மிதித்தேன். பின்னால் இருந்தவன் ஹாரனில் கை வைப்பதற்குள் நான் அடுத்த சந்தியில் இருந்தேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. அன்றைக்கு என்னைப் பார்த்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

சங்கத்துப் படிவத்தில் 'ட்யூன் செய்தவர்' என்று ஒரு கட்டம். உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் நேரில் திட்டு. 22ஆம் தேதி சாயங்காலம் நான் பீடோர் வருகிறேன். ராத்திரி உங்கள் வீட்டில் சாப்பாடு, விடிகாலையில் நாம் மூன்று பேரும் புறப்படுகிறோம். வாசலில் ஹாரன் அடிக்க மாட்டேன். உள்ளே வந்து உன் தோளைத் தட்டுவேன். இந்தத் தடவை கையை இழுக்க மாட்டேன்.

அக்கா

---

பீடோர்
18 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நலம். கலாதேவி கோழிக் கறி என்று சொல்லச் சொன்னாள். வாருங்கள். காடியில் உட்கார்ந்து வருவேன், கீழே இறங்க மாட்டேன். அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன்.

கனகராஜ்

---

குனோங் ராபாட்
24 பிப்ரவரி 2025

என் அன்புத் தம்பி கனகராஜுக்கு,

நேற்று ராத்திரி பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். கலாதேவி கட்டிக் கொடுத்த கறி காலைக்கும் ஆனது. நேற்று முழுவதும் கூடவே இருந்துவிட்டு இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். நேற்று உனக்குக் கேட்காதவற்றை எழுதுகிறேன்.

திருக்குமரனுடைய பச்சை ஸ்போர்ட்ஸ் காடி, இரட்டைக் கார்புரேட்டர் வைத்தது, பாதி மலையில் பழக்கடைக்கு முன்னால் நின்றுபோனதே, அங்கிருந்து தொடங்குகிறேன். எல்லாரும் நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருவர் நம் காடி ஜன்னல் பக்கம் வந்து, உன் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, நீங்கதானே அந்த கனகராஜு? வந்து காது வச்சுப் பாருங்களேன்" என்றார். நீ திரும்பவில்லை. "பெரிய ஆளு, எறங்க மாட்டாரு போலலா" என்று இன்னொருவர் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன் தோளைத் தட்டி, "கூப்பிடுறாங்க" என்று மட்டும் வாயசைத்தேன். இறங்கு என்று நான் சொல்லவில்லை. நீயாகத்தான் இறங்கினாய்.

பானெட் பக்கத்தில் போய் நின்று எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருசமாச்சு. எங்கக்காவுக்கு நல்லா கேக்கும். அது கேட்டுச் சொல்லட்டும், நான் திருப்புறேன்."

நீ எவ்வளவு உரக்கச் சொன்னாய் என்று உனக்குத் தெரியாது. சாலைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்தில் ஒருவர், "ஐயோ, பாவம்லா" என்றார். திருக்குமரன் அந்த ஆள் பக்கம் திரும்பினார். "என்ன பாவம்? ரெண்டு காதும் நல்லாக் கேக்கிற எனக்கு என்ர காரில என்ன பிழையெண்டு இவ்வளவு நாளா விளங்கேல்ல. நீர் கொஞ்சம் சும்மா இரும், அவர் வேலையைச் செய்யட்டும்." பல் டாக்டர் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

திருக்குமரன் ஒருவழியாக எஞ்சினைக் கிளப்பி வைத்தார். நீ எடுத்துத் தந்த ரப்பர் குழாயைக் காதில் வைத்து நான் முன் கார்புரேட்டரைக் கேட்டேன், 'ஸ்ஸ்' என்று மெல்லியது. பின்னது 'ஹாஆ' என்று வாய் பிளந்தது. சத்தத்தின் அளவு தெரிய முன்னதுக்கு ஒரு விரல், பின்னதுக்கு மூன்று விரல் காட்டினேன். நீ கால் சுற்றுத் திருப்பினாய். இரண்டு விரல். இன்னும் கொஞ்சம். அப்புறம் இரண்டும் ஒரே 'ஸ்ஸ்'. நான் ஒரு விரலை நிமிர்த்தியதும் நீ ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டாய். திருக்குமரன் மிதித்தார். அது எழும்பிய சத்தம் இது: 'வ்வ்வ்ரூஉம்'. நடுவில் மூச்சு வாங்கவில்லை. கை தட்டினார்களே, அதை நீ பார்த்தாய். பார்த்ததைவிட நிறையச் சத்தம். யாரோ விசிலும் அடித்தார்.

அவர் அடுத்த வாரம் அந்தக் காடியைப் பீடோருக்கு எடுத்து வருகிறாராம். சங்கத்தில் இன்னும் ஏழு பேர் நாள் கேட்டிருக்கிறார்கள். கார் வேலை அலுத்துவிட்டது என்று அவர்களிடம் நீயே சொல்லிப் பார். உன் காதை டாக்டரிடம் காட்ட மார்ச் ஆறாம் தேதிக்கு ஈப்போவில் உன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன். மறுபேச்சு வேண்டாம்.

இன்னும் ஒன்று. மலை உச்சியில் நீ தேநீர் வாங்கப் போயிருந்தாய். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் நம் மைனரைச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்து, இந்தக் கிழவியை இவ்வளவு உயரம் ஏற்றிய மெக்கானிக் யார் என்று கேட்டார். நான் தேநீர்க் கடைக் கூட்டத்தில் நின்ற உன்னைக் காட்டி, "அடிக் சாயா" என்றேன். என் தம்பி என்று மலாயில். அவர் ஒரு தடவைதான் கேட்டார். நான் மூன்று தடவை சொன்னேன்.

உன் அக்கா,
புஷ்பலதா